உலோகம் சேராத முடிச்சு

பெங்களூர்
26-1-43

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஆத்மநாதன் வணங்கி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீயும் மச்சானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பொங்கலுக்கு நான் வரவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது அது சின்னக் கோபமாகத் தெரியும். பெரிய கோபத்துக்கு வழி செய்து வைத்திருக்கிறேன்.

அக்கா, போன ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. உட்கார்ந்துகொள். ஒரு வாய் தண்ணீர் குடி. அப்புறம் படி.

பெண் பெயர் உண்ணாமலை. இங்கே மில் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. ஊர் கோலார் தங்க வயல். அவள் தகப்பனார் மலையாண்டி சுரங்கத்துக்குள் பாறை உடைத்தவர். பாறைத் தூசி நெஞ்சில் படிந்து, மூச்சு விட முடியாமல், தலை நரைப்பதற்கு முன்பே போய்விட்டார். சிநேகிதர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டோம். தாலி கட்டவில்லை. "எங்கப்பன் நெஞ்சடைச்சுச் செத்ததே அந்தப் பொன்னாலதான். அதுல ஒரு குந்துமணிகூட என் கழுத்துல ஏறக் கூடாது" என்றாள். நானும் சரி என்றேன்.

என் வேலையும் இப்போது அதே கதைதான். பர்மா எல்லையில் இருக்கிற பட்டாளத்துக்குக் காய்ச்சல் மருந்து செய்யச் சொல்லி எங்கள் கம்பெனிக்கு உத்தரவு. மருந்து என்றால் கரியணுக்களின் சங்கிலிதான் அக்கா. அடுப்பில் இருக்கிற அதே கரி. ஒன்றை ஒன்றோடு பிணைத்துக்கொண்டே போக வேண்டும். அதற்கு மெக்னீசியம் என்ற உலோகச் சீவலைப் போடுவது வழக்கம். இப்போது மெக்னீசியம் முழுக்க வெடிகுண்டுக்குப் போகிறது. நிக்கலும் செம்பும் பீரங்கிக்குப் போகின்றன. "உலோகமே இல்லாமல் பிணைக்க வழி கண்டுபிடி" என்று மானேஜர் என் தலையில் கட்டிவிட்டார். நாள் முழுக்க அதே யோசனைதான்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். உண்ணாமலையை உன் தம்பி பெண்டாட்டி என்று நீ ஒத்துக்கொள்ள வேண்டும். ஆத்தா போன பிறகு எனக்கு ஊர், உறவு எல்லாம் நீதான். நீ சரி என்று ஒரு வரி எழுதினால் அவளை அரிமளத்துக்கு அழைத்து வருகிறேன்.

உன் தம்பி
ஆத்மநாதன்


அரிமளம்
20-2-43

தம்பி ஆத்மநாதனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தண்ணீர் குடிக்கச் சொன்னாய். அன்றைக்குச் சோறே இறங்கவில்லை. உன் மச்சானிடம் சொல்லாமல் மறைத்து வைத்துப் பார்த்தேன், முடியவில்லை. கேட்டுவிட்டு, "மாலை மாத்துனா அது கல்யாணமா? நாடகத்துலகூட மாத்துறாங்க" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனவர்தான். இன்றுவரை உன் பேரை எடுக்கவில்லை.

கரியைக் கரியோடு ஒட்டவைக்கிற வேலைக்கா உன்னைத் திருச்சிக்கும் மதராசுக்கும் அனுப்பிப் படிக்க வைத்தோம்? சரி, அது உன் பிழைப்பு. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண் என்ன ஆளுக, எந்தச் சாதி என்று நீ எழுதவில்லை. மறந்துவிட்டாயா, வேண்டாம் என்று விட்டுவிட்டாயா?

எனக்கு இருக்கிற துக்கம் உனக்குப் புரியாது. தாலிக்கு முதல் முடிச்சுதான் மாப்பிள்ளை போடுவது. மற்ற இரண்டும் கூடப் பிறந்தவள் போடுவது. நாத்தனார் முடிச்சு இல்லாமல் எந்தத் தாலியும் கழுத்தில் நிற்காது. நீ தொட்டிலில் கிடந்த நாளிலேயே ஆத்தா என்னிடம், "இவன் பெண்டாட்டிக்கு நீதான்டி முடிச்சுப் போடணும்" என்று சொல்லியிருக்கிறாள். அது என் பாத்தியதை. என்னைக் கேட்காமல் நீயும் அந்தப் பெண்ணும் அதை இல்லை என்று ஆக்கிவிட்டீர்கள்.

வெறும் கழுத்தோடு ஒரு பெண்ணை இந்தத் தெருவில் நீ அழைத்து வந்தால் என்ன பேர் வைப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா? வர வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா
பிரகதாம்பாள்


பெங்களூர்
8-3-43

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டினாலும் எழுதினாயே, அதுவே எனக்குப் போதும். நாங்கள் இருவரும் சுகம். மச்சானின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தை உண்ணாமலைக்குப் படித்துக் காட்டினேன். நாத்தனார் முடிச்சு என்ற இடம் வந்ததும், "அவங்களுக்குச் சேர வேண்டியது ஒண்ணு இருக்குன்னு நீங்க ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். உனக்காக என் வீட்டிலேயே எனக்கு ஏச்சு விழுகிறது.

நீ கேட்ட அந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. எழுதினால் அவளைப் பார்ப்பதற்கு முன்பே நீ அந்தப் பதிலைப் பார்த்துவிடுவாய். முதலில் அவளைப் பார்.

வேலையில் ஒரு நல்ல சேதி. நீ ரசத்துக்குத் தட்டிப் போடுகிற மிளகுதான் எனக்குக் கைகொடுத்திருக்கிறது. மிளகைப் பொடித்துச் சாராயத்தில் ஊறப்போட்டு, அதில் இறங்குகிற சத்தைச் சோடாக் காரத்தோடு காய்ச்சினால் ஒரு திரவம் வடிகிறது. நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் அதில் ஒரு துளி விட்டால் போதும், பேசாமல் தனித்தனியாகக் கிடந்த இரண்டு பொருள்கள் சேர்ந்துகொள்கின்றன. சேர்த்து வைத்துவிட்டு அது அப்படியே வெளியே வந்துவிடுகிறது. கமிஷன் கேட்காத தரகர் என்று வைத்துக்கொள். உலோகம் ஒரு பொட்டுக்கூட இல்லை. சேர்ந்ததைக் கொதிக்க வைத்தும் பார்த்தேன், பிரியவில்லை. இன்னும் சில இணைப்புகள் பாக்கி இருக்கின்றன, அவ்வளவுதான்.

அக்கா, உன் மனசு இளகுவதற்கு நான் எதைக் காய்ச்ச வேண்டும் என்று எழுது. காய்ச்சுகிறேன்.

அன்புத் தம்பி
ஆத்மநாதன்


அரிமளம்
2-6-43

தம்பி ஆத்மநாதனுக்கு,

அக்கா ஆசீர்வாதம். இங்கே சுகம். மச்சானுக்கு முழங்கால் தேவலை. இத்தனை நாளாக ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தாய். இந்த வீட்டில் உட்கார்ந்து எழுத எனக்கு வாய்க்கவில்லை. அதற்கு மேல் கேட்காதே.

அடுத்த வீட்டுக்காரி சின்னப்பிள்ளை புதுக்கோட்டைக்குப் போகிறாள். அவளிடம் இதையும் ஒரு பொட்டலத்தையும் கொடுத்துவிட்டு டவுனில் தபாலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். பொட்டலத்தில் மிளகு இருக்கிறது. பெங்களூரில் மிளகு கிடைக்காதா என்று சிரிக்காதே. இது நான் கல்லும் காம்பும் பார்த்துப் புடைத்தது. உன் தரகருக்குப் பாதி, மீதியை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்.

நான் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்குப் பொன்தானே ஆகாது? கயிறு ஆகாது என்று சொல்லவில்லையே. நம்மில் இல்லாதப்பட்டவர்கள் விரலி மஞ்சளைக் கயிற்றில் கோத்துக் கட்டுகிறார்கள். அதுவும் தாலிதான். மஞ்சளில் என்ன உலோகம் இருக்கிறது? நீ ஒரு முடிச்சு, நான் இரண்டு முடிச்சு. அரிமளத்தில் வேண்டாம், வேடிக்கை பார்க்க வருவார்கள். குடுமியான்மலைக் கோயிலில் வைத்துக்கொள்வோம். சந்நிதியில் பத்துப் பேர் நின்றால் போதும். அப்படிக் கட்டிவிட்டால் பங்காளிகளை நான் சமாளித்துக்கொள்வேன். உன் மச்சானிடமும் பேசினேன். "ம்" என்றார். அவர் "ம்" என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணைக் கேட்டு எழுது. கட்டாயப்படுத்தாதே. கேள்.

அக்கா
பிரகதாம்பாள்


பெங்களூர்
15-6-43

என் அக்காவுக்கு,

நமஸ்காரம், தெண்டம், எல்லாம். இங்கே நாங்கள் சுகம், இன்றைக்கு ரொம்பவே சுகம். உங்கள் எல்லாருக்கும் அதே போல இருக்கட்டும்.

கேட்டேன். உன் கடிதத்தை வாங்கி அவளே இன்னொரு முறை படித்தாள். அப்புறம், "மஞ்ச மண்ணுல வெளையுது. அதை எடுக்க யாரும் பாதாளத்துல எறங்கிச் சாகல. உங்க அக்கா கட்டட்டும், கட்டிக்கிறேன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, நான் மறைக்கவில்லை. நாள் பார்த்துவிடு அக்கா. ஆவணிக்குள் என் வேலை முடிந்துவிடும்.

மிளகு வந்தது. பாதி தரகருக்கு என்று நான் எடுத்து வைத்ததில் பாதியை ரசத்துக்கு என்று இவள் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். உன் கை மணம் இருக்கிறதாம்.

இப்போது கடைசி இணைப்பில் நிற்கிறேன். இதற்கு மிளகுச் சத்து உதவாது. ஒரு வாயு இருக்கிறது. பெயர் உன் வாயில் நுழையாது. ஒரே ஒரு கரியணுவைக் கொண்டுவந்து சங்கிலியில் சேர்த்துவிட்டுப் போய்விடும். இதற்கும் உலோகம் வேண்டாம். ஈதர் என்ற திரவத்தில் கரைத்துப் பனிக்கட்டிக்குள் வைத்தால் மஞ்சள் தண்ணீர் மாதிரி அழகாக இருக்கும். கீறல் விழுந்த கண்ணாடி பட்டால் வெடிக்கும், அதனால் புதுக் குப்பியாகப் பொறுக்கி வைத்திருக்கிறேன். புகையை வெளியே இழுக்கிற விசிறி கேட்டிருந்தேன். யுத்தத்தால் வரவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்கிறேன். தொண்டையில் லேசாக ஒரு அரிப்பு. உன் மிளகு இருக்கும்போது எனக்கென்ன.

தம்பி
ஆத்மநாதன்


அரிமளம்
18-7-43

என் தங்கத் தம்பி ஆத்மநாதனுக்கு,

(தங்கம் என்று எழுதிவிட்டேன். உண்ணாமலை கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.)

அக்காவின் ஆசீர்வாதம் இரண்டு பேருக்கும். இங்கே எல்லாரும் சுகம். ஆவணி ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நல்ல முகூர்த்தம். திருப்பதிப் பெரியப்பா பங்காளிகளில் மூத்தவர் என்பதால் அவரிடம் முதலில் போனேன். "கழுத்துல ஏதோ ஒண்ணு ஏறுனாச் சரி" என்றார். அவர் ஒத்துக்கொண்டால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். நீங்கள் வெள்ளிக்கிழமை ரயில் ஏறினால் சனிக்கிழமை புதுக்கோட்டை வந்துவிடலாம். மச்சானே ஸ்டேஷனுக்கு வண்டி கொண்டு வருகிறேன் என்றார். இப்போது கரியில் ஓடுகிற பஸ்ஸை நம்பிப் புதுப்பெண்ணை ஏற்றக் கூடாதாம்.

உண்ணாமலைக்கு ரவிக்கை அளவு அனுப்பச் சொல். சேலை எடுத்தாயிற்று. அரக்கு நிறம். அவளுக்கு ஒத்துவருமோ என்னமோ, நிறம் தெரியாமல் எடுத்தேன்.

உன் தொண்டை சரியாகிவிட்டதா? நீ எழுதவில்லை. இந்த வேலைதான் இல்லாவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்கிற அளவுக்கு ஒரு புகை எதற்கு?

அக்கா
பிரகதாம்பாள்


பெங்களூர்
20-8-43

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். எல்லாரும் நலமாக இருக்கவும்.

லீவு கொடுக்கவில்லை. கடைசி நேரத்தில் சொல்கிறேன் என்று தெரியும். இன்று மதியம் வரை கிளம்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். மானேஜர் விடவில்லை. இன்னும் ஒரு மாதம் போகட்டும். புரட்டாசி வேண்டாம் என்பாய், ஐப்பசியில் வருகிறோம். பெரியப்பாவிடமும் மச்சானிடமும் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். எழுத்து கோணல் மாணலாக இருந்தால் பேனாவின் குற்றம்.

உண்ணாமலை சேலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். அரக்கு நிறம் அவளுக்கு நன்றாக இருக்கும் அக்கா.

ஆத்மநாதன்


அரிமளம்
10-9-43

மாப்பிள்ளை ஆத்மநாதனுக்கு உன் மச்சான் அய்யாக்கண்ணு எழுதியது.

சுகம். உன் காகிதம் முகூர்த்தம் முடிந்த மறுநாள் வந்தது.

சனிக்கிழமை வந்த ரயில் எல்லாவற்றையும் ஸ்டேஷனில் நின்று பார்த்தேன். ஒருவேளை நேராகப் போயிருப்பீர்களோ என்று மறுநாள் குடுமியான்மலைக்கு வண்டி கட்டினோம். உன் அக்கா கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு சந்நிதியில் நின்றாள். உச்சிப் பூசை முடிந்து நடை சாத்தினார்கள். அப்போதும் நின்றாள். பெரியப்பா எல்லார் காதிலும் விழ, "படிச்சவனுக்கு நம்ம எல்லாரும் வேடிக்கை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு தந்தி அடிக்க உனக்கு முடியவில்லை. அவள் உன்னைத் தூக்கி வளர்த்தவள். அவளைப் பத்துப் பேர் முன்னால் அப்படி நிற்க வைத்தவன் இனி இந்த வீட்டுக்கு எழுத வேண்டாம். அவளும் எழுத மாட்டாள்.

அய்யாக்கண்ணு


பெங்களூர்
8-11-43

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

உண்ணாமலை எழுதுகிறேன். உங்களுக்கு என் எழுத்து இதுதான் முதல். நலம் கேட்டுத் தொடங்க வேண்டும் என்று தெரியும். கேட்க வரவில்லை, மன்னியுங்கள்.

தந்தி கிடைத்திருக்கும். போன புதன்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் அவர் போய்விட்டார். உங்கள் வீட்டிலிருந்து யாராவது வருவார்கள் என்று வியாழன் மாலை வரை வைத்திருந்தோம். அதற்கு மேல் முடியவில்லை. அவருடைய சிநேகிதர்களும் நானும் காரியத்தை முடித்தோம்.

உங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். ஆவணியில் லீவு கிடைக்காமல் இல்லை. பெட்டி கட்டியாகிவிட்டது. ரயிலடிப் படி ஏறும்போது மூச்சுப் பிடித்து அவர் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். படுக்கையில் கிடந்துதான் உங்களுக்கு அந்தக் கடிதம் எழுதினார். உண்மையை நான் எழுதுகிறேன் என்றேன். "அக்கா பயந்துரும். தேறுனதும் நேர்ல போயிக்கலாம்" என்று என் கையிலிருந்து காகிதத்தைப் பிடுங்கிவிட்டார். உங்கள் வீட்டு அண்ணன் எழுதிய கடிதத்தையும் படித்தார். "சரியாத்தானே எழுதியிருக்காங்க" என்று மட்டும் சொன்னார். அந்தக் கடிதத்துக்குப் பதில் போட அவரால் முடியவில்லை.

அந்த மஞ்சள் வாயுதான் அண்ணி. கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சுக்குள் போயிருக்கிறது. ஒருமுறை அதில் பட்ட நெஞ்சு அடுத்த முறை ஒரு மூச்சைக்கூடத் தாங்காது என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மறுபடி லேபரட்டரிக்குப் போனார். அந்த இருமல் சத்தம் எனக்குத் தெரியும். என் அப்பாவிடம் கேட்ட சத்தம். போகாதீர்கள் என்று காலைப் பிடித்தேன். "இன்னும் ஒரே இணைப்பு" என்றார். ஐப்பசி முதல் வாரத்தில் அதையும் முடித்துவிட்டார். குப்பியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததை எனக்குக் கொண்டுவந்து காட்டினார். சின்னப் பையன் மாதிரி இருந்தது அன்றைக்கு அவர் முகம்.

நேற்று மானேஜர் துக்கம் கேட்க வந்தார். கப்பலில் மெக்னீசியம் வந்துவிட்டதாம். இனிமேல் பழைய முறையிலேயே செய்யலாமாம். அவர் கண்டுபிடித்த வழி அவர்களுக்குத் தேவைப்படாது. எனக்கு அழக்கூட வரவில்லை.

ஆஸ்பத்திரியில் உடலை வாங்கும்போது குமாஸ்தா, "நீங்க யாரு?" என்றார். "சம்சாரம்" என்றேன். என் கழுத்தைப் பார்த்தார். பதிவில் "தெரிந்தவர்" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். வேறு எப்படி அவரை வாங்க முடியும்?

அவர் நேரில் வந்து உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ஆசையாக வைத்திருந்த சேதி ஒன்று இருக்கிறது. நான் ஐந்து மாதம். இனி அதைச் சொல்ல நான்தான் இருக்கிறேன்.

உண்ணாமலை


அரிமளம்
14-11-43

உண்ணாமலைக்கு,

இங்கிருந்து எழுதுவது. உன் காகிதமும் வழியில் எங்கோ தேங்கிக் கிடந்த தந்தியும் ஒரே நாளில், ஒரே தபால்காரர் கையில் வந்தன. காகிதத்தை முதலில் பிரித்தேன்.

என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள். நீ இரண்டு உயிர்.

பங்காளிகள் கூடிப் பேசினார்கள். அவர்கள் சொன்னதை எழுதும்படி எனக்கு உத்தரவு. சேதி தாமதமாக வந்ததால் கருமாதியை முப்பதாம் நாளுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு நீ இங்கே வர வேண்டும். பெண்டாட்டிக்குத் தாலி அறுப்பு நடந்தால்தான் கருமாதி நிறைவாகும். தாலியே இல்லாதவளுக்கு எதை அறுப்பது, அறுப்பு இல்லாதவளை எப்படிப் பெண்டாட்டி என்று சொல்வது என்று கேட்கிறார்கள். அதனால் அன்று காலையில் உனக்கு மஞ்சள் கயிறு கட்டுவது, பிறகு குளத்தங்கரையில் அதை அறுப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். கட்ட வேண்டியது நான். நாத்தனார் என்பதால்.

இதற்கு ஒத்துக்கொண்டால் நீ அவன் பெண்டாட்டி, வயிற்றில் இருப்பது அவன் பிள்ளை என்று ஊர் ஏற்கும். இல்லையென்றால் இல்லை என்று திருப்பதிப் பெரியப்பா சொல்லிவிட்டார்.

பதில் எழுதவும்.

பிரகதாம்பாள்


பெங்களூர்
18-11-43

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? அண்ணன் எப்படி இருக்கிறார்? அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்லுங்கள். உண்மை தெரிந்திருந்தால் அவர் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

நான் வருகிறேன்.

கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கோபம்தான் வந்தது. சொல்லாமல் மறைக்க எனக்கு வராது. உயிரோடு இருந்தவர் கையால் ஏறாத கயிறு, அறுப்பதற்காக ஏற வேண்டுமா என்று கத்தினேன். அப்புறம் வயிற்றில் பிள்ளை அசைந்தது. நாளைக்கு இதைப் பார்த்து யாரும், உன் தகப்பன் யார் என்று கேட்டுவிடக் கூடாது. எனக்கு ஆனதுபோல எங்கேயாவது ஒரு குமாஸ்தா இதற்கும் "தெரிந்தவர்" என்று எழுதக் கூடாது. அதற்காக என் பிடிவாதத்தை விட்டுவிடுகிறேன். கட்டுங்கள். அறுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கட்டும்போது நீங்கள்தான் முடிச்சுப் போட வேண்டும். அதில் எனக்கு ஆசைகூட இருக்கிறது, சொன்னால் பைத்தியம் என்பீர்கள். அறுக்கும்போது நீங்கள் என் எதிரில் நிற்க வேண்டாம். உங்கள் முகத்தை நான் முதல்முதலாக அங்கே வைத்துப் பார்க்கக் கூடாது.

இருபத்தொன்பதாம் தேதி இங்கிருந்து கிளம்பினால் சரியாக இருக்குமா? எழுதுங்கள்.

உண்ணாமலை


அரிமளம்
23-11-43

அன்புள்ள உண்ணாமலைக்கு,

நீ வராதே.

டிக்கெட் எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. பயப்படாமல் மேலே படி.

உன் காகிதம் வந்த அன்று கடைக்குப் போய் விரலி மஞ்சள் வாங்கி வந்தேன். நூலைத் திரித்து, மஞ்சளைக் கோத்து, முடிச்சு சரியாக வருகிறதா என்று என் மணிக்கட்டிலேயே கட்டிப் பார்த்தேன். முதல் முடிச்சு விழுந்தது. இரண்டாவதைப் போடாமல் அவிழ்த்துவிட்டேன். சின்னப்பிள்ளை பக்கத்தில் இருந்தாள். "என்ன மதினி, அவுத்துட்டீங்க?" என்றாள். நான் குடுமியான்மலையில் அவ்வளவு நேரம் நின்றது ஒரு பெண் வாழ்வதற்கு முடிச்சுப் போட. பிள்ளையைச் சுமந்துகொண்டு வருகிறவளைக் குளத்தங்கரைக்கு அனுப்பிவைக்க அந்த முடிச்சை நான் போட மாட்டேன். என்னால் ஆகாது அம்மா.

பெரியப்பா வீட்டுக்குப் போய் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். "எந் தம்பி அவ கூடத்தான் வாழ்ந்தான். அவ பக்கத்துல இருக்கையிலதான் உசுரு போச்சு. இதுக்கு மேல அவ பெண்டாட்டின்னு காட்ட அறுத்துத்தான் காட்டணுமா?" என்றேன். "அப்பன்னா அவ நமக்கு யாருமில்ல" என்றார். "ஒங்களுக்கு இல்லாட்டிப் போகுது, எனக்கு இருக்கா" என்றேன். இனி அந்த வீடுகளில் நல்லது கெட்டதுக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள். நானும் எதிர்பார்க்கவில்லை. கருமாதியை அவர்கள் எப்படி வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உன் ஆளுக யார் என்று தம்பியிடம் கேட்டேன். அவன் சொல்லவில்லை. இப்போது நான் உன்னிடமும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

நான் வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். தன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் எழுதுன காகிதத்தப் படிச்சிட்டுத்தானே போனான்" என்றார். அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். நான் அவர் அழுது பார்த்ததில்லை. மறுநாள் காலையில் அவரே, "தலப்பெரசவத்துக்கு யாரு இருக்கா அவளுக்கு? நீ போ. நான் ரெயில்ல கூட வந்து விட்டுட்டு வாரேன்" என்றார்.

ஆகவே முப்பதாம் நாள் நான் உன் வீட்டில் இருப்பேன். அவனுக்கு ஒரு இலை போட்டு, நீயும் நானும் உட்கார்ந்து அழுவோம். பிள்ளை பிறந்து, நீ எழுந்து நடமாடும் வரைக்கும் இருப்பேன். புளியும் வற்றலும் எடுத்து வருகிறேன். நான் திருச்சியைத் தாண்டியதில்லை, பாஷையும் தெரியாது. புதன்கிழமை காலை வண்டிக்கு நீ ஸ்டேஷனுக்கு வந்துவிடு. கனமாக எதையும் தூக்காதே.

ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லையே, அத்தனை கூட்டத்தில் எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று அவர் கேட்டார். கழுத்தில் ஒன்றும் இல்லாமல் ஒரு பெண் நிற்பாள், அவள்தான் என் தம்பி பெண்டாட்டி என்று சொன்னேன்.

உன் நாத்தனார்
பிரகதாம்பாள்